பொறிக்கு நேரம் குறித்தவர் – ராபர்ட் பாஷ்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு வந்ததும் நம்ம வகுப்பில் பாதிப் பேர் கவிதை எழுத உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. அதனால் ஒரு மனிதரின் கதையை எழுதுகிறேன்.

இவர் பெயரை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒர்க்‌ஷாப்பில் நாம் அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்குகிற அந்த நீல நிறக் கை டிரில்லிங் மெஷினை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம் இருக்கும். வட்டத்துக்குள் நடுவில் ஒடுங்கி இரண்டு பக்கமும் அகன்ற ஒரு உருவம். முதல் வருஷம் முழுக்க அது ஏதோ அலங்காரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அலங்காரம் இல்லை. அது ஒரு மேக்னட்டோவின் ஆர்மேச்சர். டிரில்லிங் மெஷினில் மேக்னட்டோவுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்தக் கம்பெனியே மேக்னட்டோவால் பிழைத்து, மேக்னட்டோவால் வளர்ந்த கம்பெனி. அதனால் 1918-இல் அந்த உருவத்தையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். அதை வரைந்தவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்த ஆராய்ச்சியில் நான் இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அது பெருமைப்படுகிற காரணம் அல்ல.

எங்க அப்பாவிடம் ஒரு பழைய மண்ணெண்ணெய் இன்ஜின் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் குறைகிற காலத்தில் மேட்டு வயல்காரர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுப்பார். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற இன்ஜின். கப்பியில் கயிற்றைச் சுற்றி இழுக்க வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். இன்ஜின் இழுவை குறைகிறது என்று அப்பா சொன்னபோது, மெக்கானிக் மாமாவைக் கூப்பிட வேண்டாம், நானே டைமிங் வைக்கிறேன் என்று உட்கார்ந்தேன். இரண்டாம் ஆண்டு படிக்கிறவன் அல்லவா!

ஃப்ளைவீலைத் திருப்பி, குறிக்கு நேராக வைத்து, பாயிண்ட் திறக்கிற இடத்தைப் பார்த்து, ஸ்டேட்டர் பிளேட்டை முடுக்கினேன். இதுவரை சரி. அதற்குப் பிறகு பார்த்தால் பாயிண்ட் இடைவெளி ரொம்பக் குறைவாக எனக்குத் தோன்றியது. ஃபீலர் கேஜ் ஹாஸ்டலில் கிடந்தது. கண்ணளவிலேயே இடைவெளியை அகலப்படுத்திவிட்டு மூடிவிட்டேன். இதில் என்ன தப்பு என்று கண்டுபிடித்துவிட்டவர்கள் இந்த இடத்திலேயே சிரித்துக்கொள்ளலாம்.

இடைவெளியை அகலப்படுத்தினால் பாயிண்ட் முன்னாலேயே திறந்துவிடும். முன்னால் திறந்தால் பொறியும் முன்னாலேயே விழும். அப்பா கயிற்றை இழுத்தார். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடித்து, ஃப்ளைவீல் ரிட்டன் அடித்தது. கயிறு கையோடு பின்னால் இழுத்துக்கொண்டு போனது. வலது மணிக்கட்டு வீங்கிப் போய், தண்ணீர் வேண்டிய அந்தப் பத்து நாளும் அப்பா இன்ஜினைத் தொட முடியவில்லை. வந்திருக்க வேண்டிய வாடகையும் போயிற்று. ஊரில் யார் கேட்டாலும் வரப்பில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றே அப்பா சொன்னார். என் பேரை ஒருவரிடமும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

லீவு முடிந்து திரும்பியதும் நூலகத்தில் போய் மேக்னட்டோ பற்றிக் கிடைத்ததை எல்லாம் புரட்டினேன். அப்படிக் கிடைத்தவர்தான் ராபர்ட் பாஷ்.

* * *

ஜெர்மனியின் தென்பகுதியில் உல்ம் என்று ஒரு ஊர். அதன் பக்கத்தில் ஆல்பெக் என்ற கிராமத்தில் 1861 செப்டம்பர் 23 அன்று ராபர்ட் பாஷ் பிறந்தார். வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள், இவர் பதினோராவது. அப்பா செர்வாட்டியஸ் பாஷ் விவசாயி. வழிப்போக்கர்கள் தங்கிச் சாப்பிடும் சத்திரம் ஒன்றையும் நடத்தினார். ஏழைக் குடும்பம் என்று சொல்ல முடியாது. பெரிய மனிதர்களின் கதை என்றாலே ஏழ்மையில் பிறந்தார் என்று ஆரம்பிக்கிற பழக்கம் நமக்கு உண்டு, இவருக்கு அது பொருந்தாது. 1869-இல் குடும்பம் உல்ம் நகருக்குக் குடியேறியது. அங்கே பள்ளிப் படிப்பு முடிந்ததும் 1876-இல், பதினைந்து வயதில், நுண்கருவிகள் செய்யும் ஒரு பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார்.

மூன்று வருஷம் பழகினார். ஆனால் அந்தப் பட்டறை முதலாளி கற்றுக்கொடுப்பதில் அக்கறை இல்லாதவர். பையன்களை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிடுவார். அந்த மூன்று வருஷ ஏமாற்றத்தை பாஷ் வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஊர் ஊராகச் சுற்றி வேலை. நியூரம்பெர்க்கில் ஷுக்கர்ட் என்பவரின் மின்கருவித் தொழிற்சாலையிலும் இருந்தார். ஒரு வருஷம் ராணுவ சேவை. 1883-இல் ஸ்டுட்கார்ட் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் போய் உட்கார்ந்தார். பட்டம் வாங்க அல்ல, கேட்டுவிட்டுப் போகிற மாணவராக, ஒரே ஒரு செமஸ்டர். மின்சாரம் என்றால் என்ன, வோல்ட் என்றால் என்ன என்று ஒழுங்காகப் படித்தது அந்தச் சில மாதங்கள்தான். நம்மில் பலர் ஒரு செமஸ்டரில் கிளாஸ் டெஸ்ட் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அவர் அதை வைத்துக்கொண்டே காலம் தள்ளினார்.

1884-இல் அமெரிக்கா. நியூயார்க்கில் எடிசனோடு தொழில் தொடர்பு இருந்த பெர்க்மன் என்பவரின் பட்டறையில் வேலை. அடுத்த வருஷம் இங்கிலாந்தில் சீமென்ஸ் சகோதரர்கள் கம்பெனியில் வேலை. பிறகு ஊர் திரும்பி, குடும்பச் சொத்தில் தன் பங்காக வந்த 10,000 மார்க்கை முதலாகப் போட்டு, 1886 நவம்பர் 15 அன்று ஸ்டுட்கார்ட்டில் ஒரு வீட்டின் பின்கட்டில் சொந்தப் பட்டறை திறந்தார். அவருக்கு வயது 25. கூட ஒரு மெக்கானிக், ஒரு எடுபிடிப் பையன். ஆக மூன்று பேர்.

மேக்னட்டோ செய்யலாம் என்று திட்டம் போட்டு ஆரம்பித்த பட்டறை அல்ல அது. டெலிபோன் மாட்டுவது, மின்மணி பொருத்துவது, இடிதாங்கி வைப்பது என்று எந்த வேலை வந்தாலும் செய்தார்கள். அடுத்த வருஷம், 1887-இல், சின்ன இன்ஜின் செய்கிற ஒருவர் வந்து, டாய்ட்ஸ் கம்பெனி இன்ஜினில் இருப்பது மாதிரி பொறி கொடுக்கிற கருவி ஒன்று செய்துதர முடியுமா என்று கேட்டார். பாஷ் ஷோர்ன்டார்ஃப் என்ற ஊருக்குப் போய், அங்கே ஓடிக்கொண்டிருந்த டாய்ட்ஸ் இன்ஜினில் அந்தக் கருவியைப் பார்த்தார். நம்ம பாடத்தில் வருகிற ஓட்டோ சைக்கிளின் அதே நிகோலஸ் ஓட்டோதான் 1884 வாக்கில் அதை உருவாக்கியவர். இதற்குக் காப்புரிமை இருக்கிறதா என்று டாய்ட்ஸ் கம்பெனிக்கு பாஷ் கடிதம் போட்டார். பதில் இல்லை. சரி என்று பட்டறைக்கு வந்து, சில திருத்தங்களோடு தானே ஒன்று செய்து கொடுத்தார்.

ஆக, மேக்னட்டோவை பாஷ் கண்டுபிடித்தார் என்று நாம் வைவாவில் சொன்னால் அது தப்பு. பிளக்கையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. 1860-இலேயே லெனுவாரின் கேஸ் இன்ஜினில் மின்பொறி இருந்தது. முதலில் இதைப் படித்தபோது எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பிறகுதான் அவர் செய்தது என்ன என்று புரிந்தது.

* * *

அந்தக் காலத்தில் இன்ஜினுக்கு நெருப்புக் கொடுப்பது எப்படிப்பட்ட தலைவலி என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டைம்லர் தன் இன்ஜினில் ஒரு குழாயை வெளியிலிருந்து பர்னர் வைத்துப் பழுக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டில் பெட்ரோல் ஆவியைப் பற்ற வைத்தார். அதில் டைமிங் என்று ஒன்றை வைக்கவே வழியில்லை. குழாய் எப்போது பற்ற வைக்கிறதோ அப்போதுதான். பெட்ரோலுக்குப் பக்கத்தில் எரியும் பர்னர் வேறு! பென்ஸ் பேட்டரியும் காயிலும் வைத்தார். அந்தக் காலத்துப் பேட்டரி கொஞ்ச தூரம் போனதும் தீர்ந்துவிடும். ஆகவே பேட்டரியும் இல்லாமல், திறந்த நெருப்பும் இல்லாமல், இன்ஜின் சுற்றுகிற சுற்றிலேயே கரண்ட் எடுத்து, வேண்டிய நேரத்தில் பொறி விழ வைக்க வேண்டும். அதுதான் மேக்னட்டோ.

பாஷ் முதலில் செய்தது குறைந்த அழுத்த மேக்னட்டோ. காந்தத்தின் நடுவே ஆர்மேச்சரை வெடுக்கென்று ஆட்டினால் அதன் கம்பிச்சுருளில் கரண்ட் வரும். சிலிண்டருக்கு உள்ளேயே இரண்டு முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு தண்டு வந்து தட்டி அவற்றைப் பிரிக்கும். பிரியும்போது பொறி. தண்டு எப்போது தட்டுகிறதோ அதுதான் டைமிங். ஒரே இடத்தில் நிற்கிற, நிதானமாகச் சுற்றுகிற இன்ஜினுக்கு இது போதும்.

ஆனாலும் தொழில் உடனே ஓடிவிடவில்லை. 1890-களின் தொடக்கத்தில் வேலை வற்றி, இருபதுக்கும் மேலாக இருந்த ஆட்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தார்கள். கல்யாணமாகிக் குழந்தைகளும் பிறந்துவிட்ட நேரம். கடனும் குடும்பத்தார் கைகொடுத்ததும்தான் பட்டறையைக் காப்பாற்றின. ஸ்டுட்கார்ட் தெருக்களில் சைக்கிளில் போய் வாடிக்கையாளர் வீடுகளைப் பார்த்துவிட்டு வருவார். அங்கே சைக்கிளே அப்போது புதுசு.

1897-இல் ஃபிரெடரிக் சிம்ஸ் என்ற வியாபாரி ஒரு பிரெஞ்சு மோட்டார் மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்து, இதில் உங்கள் மேக்னட்டோவைப் பொருத்த முடியுமா என்று கேட்டார். டி டியோன்-பூட்டோன் வண்டி. அதன் இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்று வரை ஓடக்கூடியது. இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவோம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. 1,800 சுற்றுக்கு 900 பொறி. அதாவது ஒரு விநாடிக்கு 15. நிதானமான இன்ஜினுக்குச் செய்த, கனமான ஆர்மேச்சரை இப்படியும் அப்படியும் ஆட்டுகிற கருவி இதற்கு எப்படி ஈடுகொடுக்கும்?

பாஷ் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்த ஆர்னால்ட் ஸேரிங்கர் என்பவர் வழி கண்டுபிடித்தார். கனமான ஆர்மேச்சரை அப்படியே நிறுத்திவிட்டார். அதற்கும் காந்த முனைகளுக்கும் இடையில் லேசான ஒரு உலோக உறையை விட்டு, அதை மட்டும் ஆட்டினார். காந்தப் புலம் மாறினால் போதும், எது ஆடுகிறது என்பது முக்கியம் இல்லையே! கனம் போனதும் வேகம் வந்துவிட்டது. வண்டி ஓடியது. மேக்னட்டோ முதல்முறையாக மோட்டார் வண்டியில் ஏறியது அப்படித்தான். யோசனை ஸேரிங்கருடையது, உலகம் சொல்வதோ பாஷ் மேக்னட்டோ என்று. பட்டறைகளில் இது எங்கும் நடக்கிற விஷயம்தான் என்றாலும் எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. சிலிண்டருக்குள் போய்த் தட்டுகிற அந்தத் தண்டு. வேகம் கூடக் கூட அது தேயும், ஆடும், நேரம் தவறும். இன்ஜினுக்கு இன்ஜின் அதைத் தனியாக வடிவமைக்கவும் வேண்டும். தண்டே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்க்கும் வேலையை 1901-இல் பாஷ் ஒருவரிடம் ஒப்படைத்தார். அவர்தான் நான் முன்னால் சொன்ன, அந்த வட்டக் குறியை வரைந்தவர். பெயர் கோட்லோப் ஹோனோல்ட். 1876-இல் பிறந்தவர். சிறுவனாக இதே பாஷ் பட்டறையில் தொழில் பழகியவர். பிறகு ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். பட்டறையும் தெரியும், பாடமும் தெரியும்.

அந்த வருஷ முடிவுக்குள் ஹோனோல்ட் முடித்துக் காட்டினார். ஒரே ஆர்மேச்சரில் இரண்டு சுற்று: தடித்த கம்பியில் கொஞ்சம், மெல்லிய கம்பியில் ஏராளம். தடித்த சுற்றில் ஓடும் கரண்டை கான்டாக்ட் பிரேக்கர் வெளியிலேயே படக்கென்று அறுக்கும். கண்டென்சர் பாயிண்ட் கருகாமல் காக்கும். அறுபட்ட அந்தக் கணத்தில் மெல்லிய சுற்றில் எழும் உயர் அழுத்தம் ஒயர் வழியாகப் போய் பிளக் முனையில் குதிக்கும். சிலிண்டருக்குள் அசைகிற பாகம் எதுவுமே இல்லை. 1902 ஜனவரி 7 என்ற தேதியில் காப்புரிமை பதிவாயிற்று. எங்க அப்பா இன்ஜினில் இருப்பதும் அடிப்படையில் இதே ஏற்பாடுதான், காந்தம் ஃப்ளைவீலில் போய் உட்கார்ந்துகொண்டது என்பதைத் தவிர.

அடுத்த வருஷமே, 1903-இல், அயர்லாந்தில் நடந்த கோர்டன் பென்னட் கார்ப் பந்தயத்தில் காமில் ஜெனட்ஸி என்ற பெல்ஜியக்காரர் மெர்சிடிஸ் காரில் வென்றார். அந்தக் காரில் இருந்தது பாஷ் மேக்னட்டோ. அதன் பிறகு ஆர்டருக்குப் பஞ்சமில்லை.

* * *

இப்போது டைமிங்குக்கு வருகிறேன். மன்னிக்கவும், இதை எழுதாவிட்டால் எங்க அப்பாவின் மணிக்கட்டுக்கு நான் பதில் சொன்னதாகாது.

பொறி விழுந்த உடனே முழுச் சக்தியும் வந்துவிடாது. நெருப்பு பரவ நேரம் வேண்டும். தோராயமாக 2 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். கையால் இழுக்கும்போது இன்ஜின் 200 சுற்றில் திரும்புகிறது என்றால், அந்த 2 மில்லி செகண்டில் கிராங்க் 2.4 டிகிரி மட்டுமே நகரும். அதே இன்ஜின் 3,000 சுற்றில் ஓடும்போது 36 டிகிரி நகர்ந்துவிடும். பிஸ்டன் டி.டி.சி.யைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் இழுவை நன்றாக இருக்கும். ஆகவே ஓடுகிற இன்ஜினுக்குப் பொறி முன்கூட்டியே விழ வேண்டும். ஸ்டார்ட் பண்ணும்போது முன்கூட்டி விழுந்தாலோ ரிட்டன் அடிக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. அதனால்தான் அந்தக் காலத்துக் கார்களில் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு நெம்புகோல் இருந்தது. ஸ்டார்ட் பண்ணும்போது டைமிங்கைத் தாமதமாக வைப்பார்கள், ஓட ஓட முன்னால் தள்ளுவார்கள். தள்ளி வைக்க மறந்து கிராங்க் அடித்தவர்களுக்குக் கை உடைந்தது. எங்க வீட்டில் நடந்தது நூறு வருஷத்துக்கு முந்தைய விபத்துதான்.

மேக்னட்டோவில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பேட்டரி காயிலில் எப்போது பாயிண்டைத் திறந்தாலும் ஒரே மாதிரி கரண்ட் கிடைக்கும். மேக்னட்டோவில் அப்படி இல்லை. காந்த முனை ஆர்மேச்சரை விட்டு விலகி, காந்தப் புலம் திசை மாறுகிற அந்தக் குறுகிய இடத்தில்தான் சுற்றில் கரண்ட் உச்சத்தில் இருக்கும். அங்கேயே பாயிண்ட் திறக்க வேண்டும். தள்ளித் திறந்தால் பொறி வாடிப்போகும். ஆக மேக்னட்டோவில் நாம் இரண்டு நேரங்களை ஒன்றாக்குகிறோம்: பிஸ்டனுக்கு ஏற்ற நேரம், காந்தத்துக்கு ஏற்ற நேரம்.

அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் பாயிண்ட் முகத்தைத் துடைத்து, முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்ய வேண்டும். சின்ன இன்ஜின் மேக்னட்டோக்களில் பொதுவாக 0.3 முதல் 0.4 மில்லி மீட்டர் வரை வரும். உங்கள் இன்ஜினுக்கு உரிய புத்தகத்தில் இருப்பதே சரியான அளவு. அதற்கு அப்புறம்தான் ஃப்ளைவீலைக் குறிக்குக் கொண்டுவந்து, பாயிண்ட் திறக்கத் தொடங்குகிற இடத்தைப் பார்க்க வேண்டும். பாயிண்ட் நடுவே மெல்லிய காகிதம் ஒன்றைக் கொடுத்து லேசாக இழுத்துக்கொண்டே ஃப்ளைவீலைத் திருப்பினால், திறக்கத் தொடங்கும் கணத்தில் காகிதம் வழுக்கி வந்துவிடும். குறிக்கு முன்னாலேயே வந்தால் டைமிங் முன்னால் இருக்கிறது. ஸ்டேட்டர் பிளேட்டை ஃப்ளைவீல் சுற்றுகிற திசையிலேயே கொஞ்சம் நகர்த்தினால் தாமதமாகும். எதிர்த்திசையில் நகர்த்தினால் முன்னாலாகும். முடுக்கிய பிறகு ஒரு தடவை மறுபடி பார்க்க வேண்டும். டைமிங் வைத்து முடித்த பிறகு இடைவெளியில் கை வைக்கவே கூடாது. நான் வைத்தேன்.

* * *

1906-இல் ஒரு லட்சமாவது மேக்னட்டோ பாஷ் தொழிற்சாலையை விட்டு வெளியே போனது. 1912-இல் பத்து லட்சமாவது. அதே 1906-இல் அவர் எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தார். ஜெர்மனியில் அப்போது அதைச் செய்த முதலாளிகள் மிகச் சிலரே. தாராள மனசு மட்டும் காரணம் அல்ல. களைத்த கை நுணுக்கமான வேலையைக் கெடுக்கும் என்பது பட்டறையில் நின்றவருக்குத் தெரியும், இரண்டு ஷிஃப்ட் ஓட்டினால் மெஷினும் சும்மா நிற்காது. மற்ற முதலாளிகள் அவரைச் சிவப்பு பாஷ் என்று கேலி பேசினார்கள். அப்படிப்பட்டவர் தொழிற்சாலையிலும் 1913-இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்து வாரக்கணக்கில் நீண்டது. அது அவருக்குப் பெரிய அடி.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஒரே ஒரு செமஸ்டர் உட்கார்ந்துவிட்டு வந்த அதே ஸ்டுட்கார்ட் கல்லூரிக்கு 1910-இல் அவர் பத்து லட்சம் மார்க் நன்கொடை கொடுத்தார். 1913-இல் தன் தொழிற்சாலையில் தொழில் பழகும் பையன்களுக்கென்றே தனிப் பயிற்சிப் பட்டறை அமைத்தார். உல்மில் கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் விடப்பட்ட அந்தப் பதினைந்து வயதுப் பையனை அவர் மறக்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் உலகப் போரில் ராணுவ வண்டிகளுக்கும் விமானங்களுக்கும் மேக்னட்டோ தேவைப்பட்டது, லாபம் கொட்டியது. சாவில் சம்பாதிப்பது அவருக்கு உறுத்தியது. போர் லாபத்தில் பெரும் பகுதியைப் பொதுக் காரியங்களுக்குக் கொடுத்தார். அமெரிக்காவில் இருந்த அவருடைய தொழிற்சாலைகளை எதிரி நாட்டுச் சொத்து என்று அந்த அரசு பறிமுதல் செய்துகொண்டது. 1921-இல் மகன் ராபர்ட் நீண்ட நாள் நோயில் இறந்தார். 1923-இல் ஹோனோல்டும் நாற்பத்தேழு வயது நிறைவதற்குள் போய்விட்டார்.

அதற்குள் காலம் மாறிவிட்டது. கார்களில் டைனமோவும் நல்ல பேட்டரியும் வந்தபின் விலை கூடிய மேக்னட்டோ எதற்கு? 1925-இல் பாஷ் கம்பெனியே பேட்டரி இக்னிஷனை விற்கத் தொடங்கியது. தன் பிழைப்புக்கு ஆதாரமான பொருளைத் தானே ஓரம் கட்டுவது லேசுப்பட்ட காரியமா? 1927-இல் டீசல் இன்ஜெக்‌ஷன் பம்ப் வந்தது. பொறியே இல்லாத இன்ஜினிலும் நேரம் குறிக்கிற வேலை அவர்கள் கைக்கே வந்தது என்று சொல்லலாம். மேக்னட்டோ சின்ன இன்ஜின்களிலும் மொபெட்களிலும் ஒதுங்கிக்கொண்டது. பிஸ்டன் இன்ஜின் வைத்த சிறு விமானங்களில் மட்டும் அது இன்றும் மரியாதையோடு இருக்கிறது. பேட்டரி செத்தாலும் பொறி சாகாது, ஒரு இன்ஜினுக்கு இரண்டு மேக்னட்டோ வைத்திருப்பார்கள்.

கடைசிக் காலம் நாஜிகளின் ஆட்சியில் போனது. அவருக்கு அந்த ஆட்சி பிடிக்கவில்லை. யூதர்கள் தப்பிக்கப் பண உதவி செய்தார். ஹிட்லரை எதிர்த்த கோர்டெலருக்கு 1937 முதல் தன் கம்பெனியில் இடம் கொடுத்தார். அதே சமயம் கம்பெனி ராணுவ ஆர்டர்களைச் செய்தது, போர்க்காலத்தில் கட்டாயத் தொழிலாளர்களும் அதில் வேலை வாங்கப்பட்டார்கள். இரண்டும் உண்மை. ஒன்றை எழுதி மற்றொன்றை மறைக்க எனக்குத் தெரியவில்லை. 1940-இல் அவர் பணத்தில் கட்டிய ஆஸ்பத்திரி ஸ்டுட்கார்ட்டில் திறக்கப்பட்டது. 1942 மார்ச் 12 அன்று, எண்பதாவது வயதில், காதில் ஏற்பட்ட அழற்சி முற்றி இறந்தார். அவருக்குப் பிடிக்காத அந்த அரசே அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது.

நம்ம நாட்டுக்கு பாஷ் பொருள்கள் 1922-இல் கல்கத்தா ஏஜென்சி மூலம் வந்தன. 1951-இல் மைக்கோ கம்பெனி ஆரம்பமானது. பெங்களூரில் அதன் தொழிற்சாலை வளர்ந்தது. மைக்கோ பிளக் என்றால் நம்ம ஊர் மெக்கானிக் எல்லோருக்கும் தெரியும். 2008-இல் அதன் பெயரும் பாஷ் என்றே மாறிவிட்டது. ஆனாலும் எங்க ஊரில் இன்னும் மைக்கோ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்.

* * *

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ஃபீலர் கேஜைக் கையோடு கொண்டுபோனேன். மெக்கானிக் மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஃப்ளைவீலைக் கழற்றாமல் ஜன்னல் வழியாகவே இடைவெளியைச் சரிபார்த்தேன், அப்புறம் டைமிங். காகிதம் இரண்டு முறையும் குறிக்கு நேராகவே வழுக்கி வந்தது. மாமா ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். முதல் இழுப்பை நானே இழுக்கிறேன் என்றேன். அப்பா கேட்கவில்லை. என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அதே வலது கையால் கயிற்றைப் பிடித்தார். இரண்டாவது இழுப்பில் எடுத்துக்கொண்டது.

திரும்பும்போது ஃபீலர் கேஜைத் தேடினேன், காணவில்லை. அப்பா அதைத் துடைத்து எண்ணெய் போட்டு, ஒரு துணியில் சுற்றி, தன் வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்திருந்தார். நான் கேட்கவில்லை. ஸ்டோரில் வேறு ஒன்று வாங்கிக்கொண்டேன்.